தண்ணிக் கோடு

மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போவது அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் பழக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சித்தியவானிலிருந்து லுமுட்டுக்குக் கொஞ்ச நேரக் காரோட்டம். பால்குடம், பூக்கூடை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறினால் எதிரே தீவு. ஏறியதும் எல்லாரும் ஏசி காற்று எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். என் மாமா மட்டும் விடுவிடுவென்று இடதுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பக்கம்தான் கடற்படைத் தளம். அதை ஒட்டிக் கப்பல் கட்டும் தளம். மாமா அதை 'யார்டு' என்பார். இருபது வருடத்துக்கு மேல் நேவியில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுக் காலம் ஆகிவிட்டது, ஆனாலும் எந்தக் கப்பல் வெளியே போயிருக்கிறது, எது உள்ளே நிற்கிறது என்று கணக்கெடுக்காமல் அவருக்குச் சாமி கும்பிட மனசு வராது.

2018 மாசி மகத்தில்தான் முதன்முதலாக அந்தக் கப்பலைக் காட்டினார். கிரேன்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில், முகம் சீவியது போன்ற சாய்ந்த பக்கங்களோடு கரையில் நின்றது. கே.டி. மகாராஜா லேலா; கே.டி. என்றால் 'அரச கப்பல்'. அதற்கு முந்தைய ஆகஸ்டில், 2017ல், பேராக் ராஜா பெர்மைசூரி, அதாவது சுல்தானின் துணைவியார், வந்து பெயர் சூட்டியிருந்தார். கட்டவிருந்த ஆறு போர்க்கப்பல்களில் அது முதலாவது, 2019ல் கடற்படைக்குப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019 மாசி மகத்திலும் அது அங்கேதான் இருந்தது. 2020 மாசி மகத்திலும் அங்கேதான். அதற்குப் பத்து நாளில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் நாங்களே எங்கேயும் போகவில்லை, கப்பலும் போகவில்லை. மறுபடி ஃபெர்ரி ஏறியபோது என் மூத்தவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தான். கப்பல் அதே இடத்தில் இருந்தது.

பெயரை வைத்து ஊரில் ஒரு கிண்டல் உண்டு. மகாராஜா லேலா எங்கள் பேராக்காரர். 1875ல் பாசீர் சாலாக்கில், ஆற்றில் மிதந்த குளியலறைக்குள் வைத்து ஆங்கிலேய ரெசிடெண்ட் பெர்ச்சைக் குத்திக் கொன்றார்களே, அந்தத் திட்டத்துக்குத் தலைவர். இரண்டு வருடத்துக்குள் பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள். "அவரு ஒரே காலையில காரியத்த முடிச்சாரு, அவரு பேர வச்ச கப்பலுக்கு இன்னும் காலையே விடியல" என்று 'மாமாக்' டீக்கடையில் ஒருவர் சொல்ல, தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் வரை சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

2022 ஆகஸ்டில் சிரிப்பு நின்றது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 900 கோடி வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேற்பட்ட ஒப்பந்தம். 608 கோடி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. முடிந்த கப்பல் ஒன்றுகூட இல்லை. முதல் அட்டவணைப்படி பார்த்தால் அந்த மாதத்துக்குள் ஐந்து கப்பல்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கொடுத்த பணத்தில் 40 கோடி, முன்பு எடுத்த வேறொரு கப்பல் வேலையின் பழைய கடனை அடைக்கப் போயிருந்தது. நாடு முழுக்க ஒரே கேள்வி: கப்பல் எங்கே? எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு இன்னொரு ருசி. கப்பல் எங்கே என்று எங்களுக்குத் தெரியும். ஃபெர்ரி டிக்கெட் எடுத்தால் காட்டுவோம்.

மாமா வீட்டுத் திண்ணையில்

அந்த வாரம் ஒருநாள் கையில் பத்திரிகையோடு மாமா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அவரோடு சேர்ந்து யாரையாவது திட்ட வேண்டும் என்றுதான் போனேன். நேவிக்காரர், நம்மைவிட நன்றாகத் திட்டுவார் என்று ஒரு கணக்கு. அவரோ செம்பனை மட்டை ஈர்க்கில் விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை கட்டினார். அப்புறம் சொன்னார்: "கப்பல் எங்கன்னு கேக்காதடா. வரைபடம் எங்கன்னு கேளு."

எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. தான் வேலை பார்த்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்தேன். பணம் எங்கே போனது என்பதுதானே விஷயம், வரைபடத்தைப் பற்றி யாருக்கு என்ன? ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

மாமா பதினெட்டு வயதில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நேவியில் சேர்ந்தவர். மலேசியக் கடற்படையின் பயிற்சித் தளம் அப்போது அங்கேதான் இருந்தது. முதல் கப்பல் கே.டி. ரஹ்மத். ஸ்காட்லாந்தின் 'யாரோ' (Yarrow) என்ற நிறுவனம் கட்டி 1971ல் கடற்படையில் சேர்ந்தது. ஒரு டீசல், ஒரு ஒலிம்பஸ் காஸ் டர்பைன்; கான்கார்ட் விமானத்தைத் தூக்கியதும் அதே குடும்பத்து இன்ஜின்தான் என்று மாமா பெருமையாகச் சொல்வார். ஓய்வுக்குப் பின் அந்தக் கப்பலை லுமுட் கரையில் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். மாமா வழிகாட்டி. மற்றவர்கள் பீரங்கி முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அவர் எங்களைச் சுவரோரம் கட்டுக்கட்டாக ஓடிய ஒயர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் தடித்துப்போன ஒயர்கள். "பீரங்கி ரெண்டாவது. இத யாரு எங்க போட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் கப்பல்" என்றார். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் எப்போது என்பதுதான் கவலை. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

அவருடைய கடைசிக் கப்பல் கே.டி. லெக்கியு. இது ஆயுதத்தோடு வந்த அசல் ஃபிரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். 1992ல் கே.டி. ஜெபாட்டோடு சேர்த்து அதே 'யாரோ' நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்தார்கள். எட்டு எக்ஸோசெட் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள், நேராக மேலே சீறும் பதினாறு சீ வுல்ஃப் வான் எதிர்ப்பு ஏவுகணைகள், முன்னால் 57 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர். எல்லாம் 106 மீட்டர் உடம்புக்குள். கப்பலைக் கொண்டுவர மாமாவையும் கிளாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்ததைத்தான் திண்ணையில் அன்றைக்கு முழுசாகச் சொன்னார். அதுவரை குளிர், பனி, வாய்க்கு விளங்காத சாப்பாடு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கிளாஸ்கோ.

"நாலு எம்டியூ டீசல். நாங்க இன்ஜின்காரங்க ரெடி. ஓட்டிப் பாத்தாச்சு, எண்ணெ மாத்தியாச்சு, மறுபடி ஓட்டிப் பாத்தாச்சு. மேல கம்ப்யூட்டர் ரெடியாகல." கப்பல் தண்ணீரில் இறங்கியது 1994 டிசம்பரில். கடற்படையில் சேர்ந்தது 1999ல். உடம்பு கட்ட ஆன காலத்தைவிட அதற்குப் புத்தி வர ஆன காலம் அதிகம். ரேடார் ஒரு நாட்டு ஆள், பீரங்கி ஒரு நாட்டு ஆள், ஏவுகணை இன்னொரு ஆள். மூன்று பேரும் ஒரே மொழி பேச வேண்டும். ரேடார் பார்த்ததைக் கணினி வாங்கி, எது கிட்டே வருகிறது, எதை முதலில் அடிப்பது என்று முடிவு செய்து, நொடியில் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைச் சரிப்படுத்தத்தான் இழுத்துக்கொண்டே போனது. "நூறு வருசமா சண்டக் கப்பல் கட்டுறவன் அவன். அவனே அங்க திணறுனான்டா. வெள்ளக்காரன் திணறுனா தாமதம், நம்ம ஆளு திணறுனா திருட்டுன்னு சொல்றியே" என்றார்.

நான் விடவில்லை. "அப்ப திருட்டே இல்லேங்கிறீங்களா மாமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? அது கோர்ட்டு வேல. நான் என் வேலயச் சொல்றேன்."

எகிப்துக்காரர்களின் கப்பல்

அதற்குப் பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராத்திரியில், கடையை மூடிவிட்டு. நான் கிச்சன் கேபினட் செய்கிறவன். போர்க்கப்பலுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் படிக்கப் படிக்க ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

நம் கப்பலின் மூல வடிவம் பிரான்ஸின் கோவிண்ட் வகைப் போர்க்கப்பல். 2014ல் நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். அதே வருடம் எகிப்தும் கோவிண்ட் கப்பல் நான்குக்கு ஒப்பந்தம் போட்டது. எகிப்து என்ன செய்தது என்றால், முதல் கப்பலைப் பிரான்ஸின் லோரியான் நகரில், வடிவமைத்தவர்களிடமே கட்டச் சொன்னது. மீதி மூன்றைத்தான் அலெக்சாண்டிரியாவில் தானே கட்ட எடுத்துக்கொண்டது. எல் ஃபாத்தே என்ற அந்த முதல் கப்பல் 2017 செப்டம்பரில் எகிப்தியக் கடற்படையின் கைக்குப் போய்விட்டது. லுமுட்டில் பெயர் சூட்டு விழா நடந்து ஏறக்குறைய ஒரு மாதம். அங்கே கப்பல், இங்கே விழா.

சும்மா எகிப்தை உயர்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் ஆறையும் லுமுட்டிலேயே கட்டுவோம் என்றோம், அதில் ஒரு நியாயமான ஆசை இருந்தது. இந்த வட்டாரப் பையன்களுக்கு வேலை, கைத்தொழில், நாளைக்கு நாமே கப்பல் கட்டலாம் என்ற எண்ணம். எங்கள் ஊரில் பற்றவைக்கத் தெரிந்த பையன்கள் எத்தனை பேர் அந்த ஆசையில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் எடுத்தது எகிப்து எடுத்த அதே கப்பலும் இல்லை. அவர்களுடையது 102 மீட்டர். நம்முடையதை 111 மீட்டராக நீட்டி, மூவாயிரம் டன்னுக்கு மேல் கனமாக்கி, நமக்கு வேண்டிய சாமான்களை வைத்து மாற்றினார்கள். ஒன்பது மீட்டர் நீட்டினால் அது அண்ணன் கப்பல் இல்லை, வேறு கப்பல். அந்த வேறு கப்பலை உலகத்தில் யாருமே அதற்கு முன் கட்டியிருக்கவில்லை. அதன் முதல் பிரதியைக் கட்டும் பொறுப்பை, இதற்கு முந்தைய வேலையிலேயே தடுமாறிய தளத்திடம் கொடுத்தோம். விரிவான வரைபடம் முழுசாக முடியும் முன்பே சாமான்கள் வாங்கப்பட்டன, தகடும் வெட்டப்பட்டது.

இன்னொன்று. கப்பலை ஓட்டப்போகும் கடற்படை கேட்டது வேறு: டச்சுக்காரர்களின் சிக்மா வகைக் கப்பல். அன்றைய கடற்படைத் தளபதி அப்துல் அஜீஸ் ஜாஃபார் தங்கள் தேர்வை வலியுறுத்தியும் முறையிட்டும் அமைச்சரிலிருந்து பிரதமர்வரை பத்துக் கடிதங்கள் எழுதினார் என்று பொதுக் கணக்குக் குழு பதிவு செய்திருக்கிறது. பத்து! வீட்டில் சமைக்கப்போகிறவள் ஒரு அடுப்பைச் சொல்ல, வாங்கப் போனவர்கள் வேறு அடுப்போடு வந்து நின்றது போல.

அடுப்பைச் சொன்னதும் என் தொழில் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குக் கேபினட் எடுத்தேன். ஓவன் எந்த மாடல் என்று வீட்டுக்காரர் முடிவு செய்யவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம், நீங்க ஆரம்பிங்க' என்றார். முன்பணமும் கொடுத்துவிட்டார். பணத்தைப் பார்த்ததும் எனக்கும் அவசரம். அறுபது சென்டிமீட்டர் இடம் விட்டு வெட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அவர் வாங்கி வந்தது தொண்ணூறு. அகலத்தை மட்டும் மாற்றினால் போச்சு என்று இறங்கினேன். அகலத்தை மாற்றினால் பக்கத்து இழுப்பறை திறக்கவில்லை. இழுப்பறையை நகர்த்தினால் தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்தது. புது ஓவனுக்குத் தனி ஒயர் வேண்டும். ஒயர் இழுக்க ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டும். சூடு வெளியே போக வழியில்லாமல் மேல் கதவு ஆறு மாதத்தில் வளைந்தது. ஒரு ஓவன். ஐந்து அடிச் சுவர். அதற்கே அந்தப் பாடு.

கப்பலில் ரேடாரை மாற்றினால் அது உச்சியில் ஏறும் கனம். உச்சியில் கனம் ஏறினால் அலையில் சாயும் கணக்கு மாறும். புது ரேடாருக்கு மின்சாரம் வேறு, குளிர்விக்கும் தண்ணீர் வேறு, கேபிள் போகும் துளை வேறு. துளை வேறென்றால் அந்தச் சுவரின் தகட்டை மறுபடி வெட்டு. இதை மாமாவிடம் என் ஓவன் கதையோடு சேர்த்துச் சொன்னபோது மனுஷன் முதல்முறையாக என்னைத் தொழில் தெரிந்த ஆளாகப் பார்த்தார். "உன் ஓவன்லேர்ந்து தண்ணிக்கு அடியில நீர்மூழ்கியக் கேக்கணும், மேல விமானத்தப் பாக்கணும்னு வச்சுக்க" என்றார்.

இடம் விட்டு வைப்பது

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது நம் கடற்படையில் புதுசு இல்லை. இதற்கு முந்தைய கெடா வகைக் கப்பல்கள் ஆறு. ஜெர்மன் மெக்கோ வடிவம். மொத்தம் இருபத்தேழு கட்டுவதாகத்தான் 90களில் திட்டம் போட்டார்கள், ஆறோடு நின்றது. அதிலும் தாமதம், அதிலும் கணக்குத் தணிக்கை அறிக்கை, நடுவில் நிறுவனமே கை மாறியது. கப்பல்கள் பார்க்க அழகு. பீரங்கி இருக்கிறது, ஹெலிகாப்டர் இறங்க மேடை இருக்கிறது, ஏவுகணைக்கு இடமும் இருக்கிறது. ஏவுகணை மட்டும் இல்லை. காசு வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று இடத்தை விட்டு வைத்தார்கள். காசு வரவில்லை. ஜெர்மானியர்கள் நல்ல வேலைக்காரர்கள், இடத்தைக்கூட ஒழுங்காக விட்டிருக்கிறார்கள் என்பார் மாமா. பாராட்டா குத்தலா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஏவுகணை வைத்திருந்த கப்பல்களின் கதையும் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஏவுகணைக்கும் காலாவதித் தேதி உண்டு, மருந்துப் பாட்டில் மாதிரி. இத்தாலியில் சதாம் உசேனின் ஈராக்குக்காகக் கட்டப்பட்டு, கொடுக்க முடியாமல் நின்று, பிறகு நாம் வாங்கிய லக்சமானா வகைக் கப்பல்கள் நான்கு. அவற்றின் ஏவுகணைகள் வயதாகிப் போய்க் கழற்றப்பட்டுவிட்டன. லெக்கியுவின் சீ வுல்ஃபை எடுத்துக்கொண்டால், அதைச் செய்து கொடுத்த பிரிட்டனே தன் கப்பல்களில் அதை விட்டுவிட்டு சீ செப்டருக்கு மாறிவிட்டது. விற்றவன் நிறுத்திவிட்ட பொருளுக்கு உதிரிபாகம் தேடி அலைவது எப்படி இருக்கும் என்று பழைய புரோட்டான் சாகா வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். கப்பல் முப்பது வருடம் வாழும். அதன் மேலே இருக்கும் ஆயுதமும் கணினியும் பாதி வழியிலேயே கிழடாகிவிடும். அதனால் ஃபிரிகேட் வாங்குவது என்றால் ஒரு தடவை வாங்குவது இல்லை; நடுவயதில் மறுபடி ஒரு தடவை வயிற்றைத் திறந்து வாங்க வேண்டும். அந்த இரண்டாவது பில்லைப் பற்றி விழா மேடையில் யாரும் பேசுவதில்லை.

மகாராஜா லேலாவுக்கு நார்வேயின் என்.எஸ்.எம். ஏவுகணைகளை வாங்க 2018ல் கையெழுத்தானது, 12.4 கோடி யூரோ. கப்பல் 2019ல் வரும் என்ற கணக்கில் அது சரியான நேரம்தான். ஆனால் கப்பல் வரவில்லை. கணக்குக் குழு அறிக்கை வந்தபோது 170 கோடி வெள்ளிச் சாமான் கிடங்கில் இருந்தது, அதில் சுமார் 15 விழுக்காடு பழசாகிப் போயிருக்கும் என்றார்கள். அன்றைக்குத் திண்ணையில் மாமா குரலை உயர்த்தியது இந்த இடத்தில் மட்டும்தான். 608 கோடிக்குக்கூட அசராத மனுஷன். "மிஷினு ஓடிக் கெட்டாப் பரவால்ல. பெட்டிக்குள்ள கெடந்து கெடுது பாரு. ரப்பர் எல்லாம் இறுகிப்போவும், கிரீஸ் கல்லாப்போவும். தெறக்காத பெட்டியில செத்துப்போன மிஷினு..." விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தைதான் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, "அவர்கிட்ட இதெல்லாம் ஏன்யா பேசுற" என்றார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 மே மாதம் லங்காவியில் புது ஒப்பந்தம். ஆறு ஐந்தானது, 900 கோடி 1,120 கோடி ஆனது. வகுத்துப் பார்த்தால் கப்பல் ஒன்றுக்கு 150 கோடி வெள்ளியாக இருந்தது 220 கோடியைத் தாண்டுகிறது. தளத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பெயர்ப்பலகை மாறியது. 2026லிருந்து 2029க்குள் ஐந்தும் வரும் என்று புது அட்டவணை போட்டார்கள். நடுவில் 2024ல் துருக்கியில் மூன்று கப்பலுக்கு ஆர்டர் போனது, அதை அங்கேயே கட்டச் சொல்லி. கற்றுக்கொண்டோம் என்று சொல்லலாம். சூடுபட்ட பூனை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. லுமுட்டில் இவ்வளவு கொடுத்துக் கற்ற கையை அடுத்த கப்பலுக்குக் கூப்பிடாவிட்டால் அந்தப் பாடத்துக்குக் கொடுத்த காசும் வீண்தான்.

இடதுபக்க ஜன்னல்

2024 மே மாதம் மகாராஜா லேலா தண்ணீரில் இறங்கியது. அந்த வருட மாசி மகம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் மாமா அதைத் தண்ணீரில் பார்த்தது 2025 மார்ச்சில்தான். மூட்டு வலி. ஃபெர்ரியில் ஏற்ற நானும் மூத்தவனும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டோம். இடதுபக்க ஜன்னலில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அத்தை போய் ஏதோ சொன்னார். அவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "அவருக்கு வாந்தி வரும்னேன்" என்றார். நேவிக்காரருக்கு வாந்தி! மாமா அதைக் கேட்டும் கேளாதவர் போல இருந்துவிட்டார். ஜன்னல்தான் முக்கியம்.

கப்பல் கரையை விட்டு, துறையோரம் தண்ணீரில் நின்றது. எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. ஏழு வருடம் தரையில் பார்த்த ஒன்று மிதக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள், கிண்டலாகவா நிஜமாகவா தெரியவில்லை. மாமா கைப்பையிலிருந்து பழைய பைனாகுலரை எடுத்தார். உச்சியில் ரேடார் இருக்கிறதா, முன்னால் பீரங்கி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பைனாகுலரை மேலே தூக்கவே இல்லை. கப்பல் தண்ணீரைத் தொடும் இடத்திலேயே, முன்னாலிருந்து பின்னால்வரை, மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.

"ஒசரமா நிக்குது" என்றார்.

"என்ன மாமா?"

"தண்ணிக் கோடு பாரு. கறுப்புப் பட்டை முழுசா வெளியில தெரியுது, அதுக்குக் கீழ செவப்பும் தெரியுது. அவ்வளவு தெரியக் கூடாது. வயித்துல ஒண்ணும் இல்ல இன்னும். எண்ணெ, தண்ணி, குண்டு, ஆளு, அரிசி, எல்லாம் ஏறுனா கீழ எறங்கும்."

பைனாகுலரை வாங்கி நானும் பார்த்தேன். ஃபெர்ரி ஆடிய ஆட்டத்தில் சாம்பல், கறுப்பு, சிவப்பு என்று மூன்று கோடுகள் மேலும் கீழும் குதித்தன. சிவப்பு ஒரு விரல் அகலம். இத்தனை கட்டுரை படித்து, கணக்குக் குழு அறிக்கையில் பாதியைப் படித்து, எகிப்துவரை போய்விட்டு வந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அறுபத்தெட்டு வயதில் ஃபெர்ரி ஜன்னலிலிருந்து பார்த்தே கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவர் படித்துவிட்டார்.

கோயிலில் கூட்டம். வெயில். பால்குடம் முடிந்து சாப்பாடு முடிந்து திரும்ப மாலை ஆகிவிட்டது. திரும்பும்போது தளம் வலதுபக்கம் வரும். இந்த முறை அத்தை முன்கூட்டியே துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். மாமா தூங்கிப்போயிருந்தார். எழுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிய அத்தை, கப்பல் கிட்டே வந்ததும் தானே அவர் தோளைத் தட்டினார்.

இப்போது சாமான் எடுக்க லுமுட் பக்கம் போகும்போதெல்லாம், முடிந்தால், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாதி நேரம் கிரேன்தான் விழும். பதில் ஒரு வார்த்தைதான் வரும். 'எறங்கல.' இரண்டு தடவை 'கொஞ்சம்' என்று வந்திருக்கிறது. போன வாரம் அனுப்பியதற்குக் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் அத்தையின் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "படம் தெளிவா இல்லயாம், இன்னும் கொஞ்சம் கிட்டப் போயி எடுக்கச் சொல்றாரு."